நம் ஊரின் தொலைநோக்கி கணினிதான்

என் அக்காள் மகன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து மடிக்கணினியைத் திறக்கிறான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. ஓர் எண், அவன் பெயர், ஓரத்தில் ஓர் எழுத்து. அந்த எழுத்து 'க்யூ' என்றால் அவனுடைய கணக்கு இன்னும் வரிசையில் நிற்கிறது. 'ஆர்' என்று மாறினால் ஓடத் தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு எங்கள் யீஷுன் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தான். மூன்று நாளும் அந்த எழுத்து மாறவில்லை. அக்கா தட்டில் வைத்த முறுக்கு அப்படியே இருந்தது.

அவன் முனைவர் பட்ட மாணவன். நியூட்ரான் விண்மீன் என்பது வெடித்துப்போன பெரிய விண்மீனின் சுருங்கி இறுகிய மிச்சம். அப்படி இரண்டு மோதிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பது ஆய்வு. துறையில் எல்லாருக்கும் பொதுவான ஒரு சிறிய கணினித் தொகுதி இருக்கிறது. அதில் ஒரு வேலை ஒரே மூச்சில் 24 மணி நேரம்தான் ஓடலாம். பிறகு அதுவரை வந்த விடையைச் சேமித்துக்கொண்டு, மறுபடியும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். மோதலின் கடைசிச் சில மில்லி வினாடிகளைக் கணக்கிட, ஆயிரக்கணக்கான கோர்கள், அதாவது சில்லுக்குள் கணக்கிடும் பகுதிகள், வாரக்கணக்கில் ஓட வேண்டும். "மாமா, ஓடுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம்" என்றான். நான் தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். இந்தப் பிள்ளைகளை இந்தப் பாடத்தின் பக்கம் இழுத்துவிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் சிங்கப்பூரின் பொது மீக்கணினியில், அதாவது சூப்பர் கம்ப்யூட்டரில், இவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று எழுதுகிறேன்.

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் தொங்குகிற தங்கம் எங்கே பிறந்தது? 2017 ஆகஸ்ட் 17 அன்று, 130 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் நடந்த ஒரு நியூட்ரான் விண்மீன் மோதலின் ஈர்ப்பலை, அதாவது அந்த மோதல் வெளியில் எழுப்பிய அதிர்வு, பூமியை வந்தடைந்தது. உலகமெங்கும் தொலைநோக்கிகள் அந்தத் திசைக்குத் திரும்பின. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அங்கே உருவாவதற்கான சான்று அந்த ஒளியில் இருந்தது. ஆனால் அந்த ஒளி இன்ன நிறத்தில் இருக்கும், இத்தனை நாளில் மங்கும் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருந்ததால்தான் கண்ட காட்சிக்குப் பொருள் சொல்ல முடிந்தது. கருந்துளைகளின் கதையும் இதுதான். இரண்டு கருந்துளைகள் சுற்றி இணைவதை முழுமையாகக் கணினியில் ஓட்டிக் காட்டும் வழி 2005இல்தான் பிடிபட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் நிரல்கள் பாதியிலேயே நொறுங்கிக்கொண்டிருந்தன. பத்து ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பிடிபட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கு தயாராக இருந்தது.

1930இல் இயற்பியலாளர் சந்திரசேகர் மும்பையில் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில், தாளும் பேனாவுமாக, வெள்ளைக் குள்ள விண்மீனின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின், எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். அப்போது அவருக்கு வயது 19. அந்த எல்லை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கு அப்பால் என்ன நடக்கும் என்ற கேள்வி தாளில் அடங்காது. அங்கேதான் மீக்கணினி வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் இரவில் அண்ணாந்து பார்த்தால் என்ன தெரிகிறது? மேகம், அதன் அடிவயிற்றில் ஊர் விளக்குகளின் வெளிச்சம். மலை இல்லை, வறண்ட காற்று இல்லை. பெரிய தொலைநோக்கி வைக்க இது இடமே இல்லை. ஆனால் கணக்கிடுவதற்கு மேகம் தடையில்லை. மற்ற ஊர்களுக்கு மீக்கணினி தொலைநோக்கிக்குத் துணை. நமக்கு அதுவேதான் தொலைநோக்கி.

நம் அரசு கை கட்டிக்கொண்டு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேசிய மீக்கணினி நிலையம் 2015இல் தொடங்கியது. அதன் முதல் இயந்திரமான ஆஸ்பயர் 1 ஒரு பெட்டாஃபிளாப், அதாவது வினாடிக்கு ஆயிரம் டிரில்லியன் கணக்கு. 2019இல் 200 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். அதில் வந்த ஆஸ்பயர் 2ஏ ஏறக்குறைய பத்து பெட்டாஃபிளாப். 2024இல் இன்னொரு 270 மில்லியன் வெள்ளி அறிவித்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை வைப்பதுதான் சரி. ஆளுக்கொரு பெட்டி வாங்கி ஆளுக்கொரு குளிரூட்டி போட இந்தத் தீவில் இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

என் வழக்கு வேறு. எதை எதற்காக விரிவாக்குகிறோம் என்பதுதான். உலகெங்கும் புதிய இயந்திரங்கள் செயற்கை நுண்ணறிவை மனத்தில் வைத்துத்தான் வாங்கப்படுகின்றன. அந்த வேலைக்கு இரண்டு மூன்று இலக்கத் துல்லியமே பெரும்பாலும் போதும். சில்லுகளும் அதற்கேற்பவே வருகின்றன. விண்மீன்களின் கணக்குக்கு ஏறத்தாழ 16 இலக்கம் வேண்டும். மூன்று பொருள்கள் ஒன்றையொன்று சுற்றுகிற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதைச் சிறு சிறு காலத்துண்டுகளாக, அடி அடியாகத்தான் போடும். முதல் அடியில் பதினாறாம் இலக்கத்தில் விழுந்த சிறு பிழைகூட, இலட்சம் அடிக்குப் பிறகு ஒரு விண்மீனையே வேறு திசைக்குத் தூக்கி எறிந்துவிடலாம். ஆகவே "இத்தனை பெட்டாஃபிளாப்" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எல்லாத் துறைக்கும் வசதி பெருகிவிட்டது என்று எண்ணக் கூடாது.

இணையத்தில் வாடகைக்குக் கணினி எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஈர்ப்பு விசைக்கு எல்லை கிடையாது. ஒரு மூலையில் உள்ள துகள் நகர்ந்தால் மறுமூலையில் உள்ளதும் அதை உணர வேண்டும். ஆயிரம் கணினிகள் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சு தாமதித்தால் எல்லாம் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும். நெருக்கமாக வலை பின்னப்பட்ட இயந்திரம்தான் இதற்கு ஆகும்.

ஜப்பானில் தேசிய வானியல் ஆய்வகம் வானியலுக்கென்றே தனி மீக்கணினி வைத்திருக்கிறது. 2018இல் வந்து 2024 வரை ஓடிய அதெருயி 2 ஏறக்குறைய 3 பெட்டாஃபிளாப். இந்தியாவில் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்று பரம் ருத்ரா கணினிகளில் ஒன்று புனேயின் ராட்சத வானொலித் தொலைநோக்கிக்கு. மற்றொன்று கொல்கத்தாவில், இயற்பியலுக்கும் அண்டவியலுக்கும். நமக்குத் தனி இயந்திரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொது இயந்திரத்தில் பத்தில் ஒரு பங்கு அடிப்படை இயற்பியலுக்கும் வான்இயற்பியலுக்கும் என்று எழுதி வைக்கட்டும். 16 இலக்கக் கணக்குக்கு ஏற்ற கோர்களாக அந்தப் பங்கு இருக்கட்டும். நாள் கணக்கில் கொடுக்காமல் ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று மொத்தமாகக் கொடுக்கட்டும்.

மருந்து ஆய்வும் வெள்ள முன்கணிப்பும் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். அவற்றின் பங்கில் கைவைக்கச் சொல்லவில்லை. வளர்கிற பகுதியில் ஒரு துண்டுதான் கேட்கிறேன். விண்மீனுக்குள் பாயும் வாயுவைக் கணக்கிடப் பழகிய கை, நாளை நம் கடலோர வெள்ளத்தையும் கணக்கிடும். இரண்டும் பாய்மங்களின் கணக்குதான். என் பழைய மாணவர்கள் இருவர் அப்படித்தான் பருவநிலைக் கணிப்புக்கு மாறியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இயற்பியல் படிக்கிற பிள்ளை இருந்தால், அவர்களுடைய கணக்கு எத்தனை நாளாக வரிசையில் நிற்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகிறேன். வெறுங்கையோடு போக எனக்கு மனமில்லை.