தெருவிளக்கை உடைத்த பையன் காலமெல்லாம் ரவுடியா?

"பதினைந்து வயதில் தெருவிளக்கை உடைப்பவன் சாகும்வரை ரவுடிதான், ரத்தத்தில் வருவது" என்றொரு செய்தி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் 1,000 பேரை ஆய்வாளர்கள் சிறு வயதிலிருந்தே கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் பங்குபெற்ற உளவியலாளர் டெர்ரி மொஃபிட் 1993இல் விளக்கியது: வம்பு செய்யும் பெரும்பாலோர் பதின்ம வயதோடு நிறுத்திவிடுகிறார்கள். பஸ் ஸ்டாப் திண்ணையில் நாலு பேர் கூடினால், தனியாக இருந்தால் தொடாத கல்லை ஒருவன் எடுத்துவிடுவான். அந்த வயது அப்படி. சின்ன வயதிலேயே தொடங்கி நீடிப்பவர்கள் சிலரே. அவர்களிடமும் பிறவிக் கூறோடு வீட்டில் அடி, கவனிப்பின்மை எல்லாம் சேர்ந்திருக்கும்.

அப்புறம், செய்தியோடு ஒரு பையனின் படத்தையும் அனுப்புகிறார்கள். பார்க்கவே மனசு பதறுகிறது. வழக்கு விசாரணையில் இருக்கும் 18 வயதுக்குட்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.