இழுத்தால் அகலும் பொருட்கள்: நுரையோடு நிறுத்திவிட்டீர்களே

நல்ல கட்டுரை. ஆனால் இழுக்கும்போது மெலியாமல் அகலமாகும் பொருட்களுக்கு உதாரணமாக, 1987இல் விஞ்ஞானி ரோடெரிக் லேக்ஸ் செய்துகாட்டிய நுரையை மட்டும் சொல்லி முடித்துவிட்டீர்கள். அதில் வேலை செய்பவை உள்பக்கம் மடங்கிய சின்னச் சின்ன அறைகள். அணு அளவில் நடப்பதுதான் எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது.

ஆல்ஃபா கிறிஸ்டோபலைட் என்று ஒரு படிகம். மணலில் உள்ள அதே சிலிக்காதான், அடுக்கு மட்டும் வேறு. ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். இந்த நான்முகிகள் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவங்கள்) மூலையோடு மூலை கோத்து நிற்கின்றன. இழுத்தால் அவை அதிகம் நசுங்குவதில்லை, திரும்பிக்கொள்கின்றன. ஒன்று திரும்பினால் பக்கத்தில் இருப்பதும் திரும்பியாக வேண்டும், அதனால் பக்கவாட்டிலும் விரிகிறது. 1992இல் அளவீடு, கணக்கீடு இரண்டுமே இதைக் காட்டின.

அப்புறம் சிமுலேஷன், அதாவது அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது. அணுக்கள் அடங்கிய கணினிப் பெட்டியை ஒரு திசையில் இழுத்துவிட்டு மற்ற பக்கங்களைப் பூட்டி வைத்தால் அகலம் மாறுவதே தெரியாது. அவற்றைத் தாமாக நகர விட வேண்டும். நாம் தேடும் மாற்றமோ மிகச் சிறியது, அணுக்களோ வெப்பத்தில் ஓயாமல் ஆடுகின்றன. நீண்ட நேரம் ஓடவிட்டுச் சராசரி எடுத்தால்தான் பாய்சான் விகிதம் (இழுத்து நீட்டும்போது அகலம் எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவு, சுருங்காமல் அகன்றால் மைனஸ்) மைனஸா பிளஸா என்றே நம்பிச் சொல்ல முடியும். இந்தப் பாடு கட்டுரையில் வரவே இல்லை.

2018இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் துளையே இல்லாத திரவப் படிக எலாஸ்டோமரில் (மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட ரப்பர் போன்ற பொருள்), ஓரளவுக்கு மேல் இழுத்ததும் தடிமன் கூடுவதைக் கண்டார்கள். அடுத்த பகுதியில் அதை விரிவாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.