மாமாவின் அறுபது மடங்கு

(மதுரையில் ஒரு வீட்டின் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளரான சிதம்பரம் ரைபிள் கிளப்பில் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. மருமகன் கதிரேசன் கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டவர். அதை ஒரு முறை பெருமையாகச் சொல்லிவிட்ட பாவத்துக்கு இன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

சிதம்பரம்: மாப்பிள்ளை, குண்டு இலக்கில் எங்கே பட்டது என்று பார்க்கும் தொலைநோக்கி, அதுதான் ஸ்பாட்டிங் ஸ்கோப், ஒன்று வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். இருபது முதல் அறுபது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுமாம். காசு கொடுத்து வாங்குவது என்று ஆன பிறகு, அறுபதுக்குக் குறைந்து வாங்குவது நம் குடும்பத்துக்கு அழகில்லை.

கதிரேசன்: மாமா, நீங்கள் சுடுவது பாயின்ட் 22 ரைபிளில், படுத்த நிலையில், 50 மீட்டர் தூரத்தில். இருபது மடங்கு ஸ்கோப்பில் பார்த்தாலே அந்த இலக்கு இரண்டரை மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். அதாவது, இந்தச் சாய்வு நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்ப்பதுபோல. பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. உங்கள் குண்டு 5.6 மி.மீ., ஒரு பருத்த மிளகு அளவு. இரண்டரை மீட்டரில் ஒரு மிளகு உங்கள் கண்ணுக்குத் தெரியாதா?

சிதம்பரம்: ஏன் தெரியாது? உங்கள் அத்தை ரசத்தில் எத்தனை மிளகு குறைத்தாள் என்பதைக் கூடத்தில் இருந்தபடியே சொல்வேன். ஆனால் அறுபது மடங்கில் அந்த மிளகு பூசணிக்காயாகத் தெரியுமே!

கதிரேசன்: தெரியும், ஆனால் இருட்டறையில் வைத்த பூசணிக்காயாகத் தெரியும். முன்பக்க லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60 மி.மீ. லென்ஸில் இருபது மடங்கு என்றால் 3 மி.மீ.; அறுபது என்றால் 1 மி.மீ.தான். இருபது பேருக்குக் காய்ச்சிய பாயசத்தை அறுபது பேருக்குப் பரிமாறினால் என்ன செய்வார்கள்?

சிதம்பரம்: தண்ணீர் ஊற்றுவார்கள். உங்கள் தங்கை கல்யாணத்தில் ஊற்றினார்களே.

கதிரேசன்: (அதைக் காதில் வாங்காமல்) இன்னொன்று, கானல். பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் தரையிலிருந்து எழும் சூடான காற்று இலக்கை நெளிய வைக்கும். மடங்கைக் கூட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். பொத்தானைப் பார்க்க வேண்டிய இடத்தில் புழுவைப் பார்ப்பீர்கள்.

சிதம்பரம்: அப்படியானால் கானல் தெரியாத ஸ்கோப்பாக ஒன்று சொல்லுங்கள்.

கதிரேசன்: கானல் தெரியத்தான் வேண்டும், மாமா. இலக்குக்குச் சற்று முன்னால் ஃபோகஸை வைத்தால், அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஓடாமல் கொதிக்கும் நீர்போல நேரே மேலெழுந்தால், பக்கவாட்டில் காற்று இல்லை என்று பொருள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்துவார்கள்.

சிதம்பரம்: நான் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்துகிறேன்.

கதிரேசன்: அது பிறகு. நீங்கள் மூக்குக் கண்ணாடி அணிபவர் என்பதால், ஐபீஸிலிருந்து, அதாவது கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸிலிருந்து, 15 மி.மீ.க்கு மேல் கண் தள்ளியிருந்தாலும் முழு வட்டமும் தெரியும்படியான ஸ்கோப்பாகப் பாருங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஐபீஸ் நேராக இல்லாமல், 45 டிகிரி மடங்கியதாக இருக்கட்டும்.

சிதம்பரம்: மடங்கியதா? புதிதாக வாங்குவதை எதற்கு வளைந்ததாக வாங்க வேண்டும்?

கதிரேசன்: இந்தப் பாயில் படுங்கள், சொல்கிறேன்.

(சிதம்பரம் குப்புறப் படுக்கிறார். ரைபிளுக்குப் பதில் ஒட்டடைக் கம்பு. ஸ்கோப்புக்குப் பதில் காபி டம்ளர். அதில் இன்னும் ஒரு வாய் காபி இருந்தது என்பது பாய் நனைந்த பிறகுதான் தெரிகிறது.)

கதிரேசன்: உங்கள் வலக்கண் குறி பார்க்கிறது. ஸ்கோப்பின் ஐபீஸ் இடக்கண்ணுக்கு அருகே இருந்தால், தோளையும் முழங்கையையும் அசைக்காமல் தலையை இம்மியளவு திருப்பிப் பார்த்துவிடலாம். நேரான ஸ்கோப் என்றால் அதன் பின்னால் போய்த் தலையை வைக்க வேண்டும்; அதற்கு எழுந்திருக்க வேண்டும்; எழுந்தால் அமைந்த நிலை கலைந்துபோகும்.

சிதம்பரம்: எழுந்திருக்க வேண்டும் என்றால் எனக்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். மடங்கியதே இருக்கட்டும். (குரலைத் தாழ்த்தி) மாப்பிள்ளை, படுத்த நிலையிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஞாயிறு பத்துக் குண்டுகள் சுட்டேன். இரவல் ஸ்கோப்பில் பார்த்தால் என் தாளில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. பக்கத்து லேனில் பத்தே குண்டுகள் சுட்ட பையனின் தாளில் பதினாறு. அவன் இரண்டு முறை எண்ணிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தான்.

கதிரேசன்: இதற்காகவா குரலைத் தாழ்த்துகிறீர்கள்? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில், தங்கம் கைக்கெட்டிய நிலையில், அமெரிக்காவின் மாட் எம்மன்ஸ் கடைசிக் குண்டைப் பக்கத்து லேன் இலக்கில் சுட்டுவிட்டார். அந்தக் குண்டுக்குச் சுழியம். அவருக்கு எட்டாம் இடம். அன்று ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கேத்தரினாவை 2007-இல் திருமணம் செய்துகொண்டார்.

சிதம்பரம்: ஒரு குண்டு தவறியதற்கு ஒரு மனைவி என்றால், ஆறு குண்டுகளுக்கு... (சமையலறையில் கரண்டிச் சத்தம் நிற்கிறது.) ...ஆறு குண்டுகளுக்கும் நான் வருந்துகிறேன்.

கதிரேசன்: அதனால்தான் இருபது மடங்கு போதும் என்கிறேன். அதில் முழு இலக்கும், மேலே லேன் எண்ணும் சேர்ந்து தெரியும். அறுபதில் காட்சி வட்டம் குறுகிவிடும்; தாள் தெரிந்தாலும் லேன் எண் வெளியே போய்விடலாம். அப்புறம் அது யார் வீட்டுத் தாள் என்பது தெரியாது. மேலும் அறுபதில் பக்கத்தில் யாராவது தும்மினால்கூடப் படம் குலுங்கும். ஆகவே மிச்சமாகும் பணத்தை ஆடாத, தாழ்வான ஸ்டாண்டில் போடுங்கள்.

சிதம்பரம்: இருந்தாலும் இருபது போதுமா என்று மனம் ஒப்பவில்லையே.

கதிரேசன்: சோதித்தே பார்த்துவிடலாம். (அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்து, சோற்றுப் பசையால் காலண்டரில் ஒட்டிவிட்டு வருகிறார். கை கொடுத்து மாமாவை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கிறார்.) இதுதான் இருபது மடங்கு. மிளகு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

சிதம்பரம்: (கண்ணைச் சுருக்கி) ஆகா, பளிச்சென்று தெரிகிறது! வலப்பக்கம், சற்று மேலே. சுற்றிலும் நீல வளையம்கூடத் தெரிகிறது.

கதிரேசன்: மாமா, மிளகு தினசரிக் காலண்டரில், ராகு காலத்துக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது பக்கத்தில் தொங்கும் நகைக்கடைக் காலண்டரில், முருகனுடைய மயிலின் கண்.

சிதம்பரம்: (சிறிது நேரம் யோசித்து) மயிலின் கண்ணே இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதென்றால், இருபதே போதும் மாப்பிள்ளை.