பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தத் தம்பியைச் சபை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை.

அவன் என்ன கேட்டுவிட்டான்? உங்கள்மேல் எனக்கு இருப்பது சமாதானத்தின் நினைவுகள் என்று கர்த்தர் சொல்லுகிற எரேமியா 29:11-ஐ வைத்து, வருஷம் முடிவதற்குள் வெளிநாட்டு வாசல் திறக்கும், சொந்த வீடு அமையும் என்று பிரசங்கம் நடந்தது. "ஐயா, பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?" என்று கேட்டான். அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் உங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. பதிலுக்கு "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் ஆளையே நீக்கிவிட்டார்கள்.

தினமும் வேதம் வாசி என்று சொல்லுகிற சபையில், வாசித்துவிட்டு வந்தவனுக்கு இடமில்லையா?

அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது பத்தாம் வசனம். கேட்டவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களிடம்தான் கர்த்தர், உங்கள்மேல் எனக்கு இருப்பது சமாதானத்தின் நினைவுகள் என்றார். குழந்தைக்காக வருஷக்கணக்காக அழுகிற ஒரு அக்காவிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். டிசம்பருக்குள் என்று தேதி குறித்துக் கொடுத்தால், ஜனவரியில் அவளிடம் என்ன சொல்வீர்கள்? விசுவாசம் போதவில்லை என்றா?

முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்திலே நின்று சொன்னான் அனனியா என்கிற தீர்க்கதரிசி. அதைக் கர்த்தர் அனுப்பவில்லை. 29-ஆம் அதிகாரத்திலேயே 8, 9 வசனங்கள் இப்படிப்பட்ட தீர்க்கதரிசிகளை நம்பாதிருங்கள் என்கின்றன. நாம் பதினொன்றை மட்டும் வெட்டியெடுத்துப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் போட்டுக்கொண்டோம்.

எங்கள் ஆச்சி ஐந்தாம் வகுப்புதான். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக அதிகாரம் முழுக்க வாசித்தாக வேண்டும். லேவியராகமம் வந்தாலும் விடமாட்டாள். பிரசங்கத்தில் கேட்ட வசனத்துக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவந்து, வீட்டில் அதற்கு மேலேயும் கீழேயும் வாசிப்பாள். சந்தேகம் வந்தால் அடுத்த வாரம் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் போதகர் ஐயரிடமே கேட்பாள். "இருங்க ஆச்சி, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொன்ன ஒரு ஐயர், பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து சொன்னார். அவளை யாரும் கலகக்காரி என்று சொல்லவில்லை.

"ஊழியக்காரரைக் குறை சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். தொடாதிருங்கள் என்பது சங்கீதம் 105:15. கொஞ்சம் பேராய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்காக ராஜாக்களைக் கர்த்தர் கடிந்துகொண்ட இடம் அது. ஒரு பிள்ளை கேள்வி கேட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தாவீதும் அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜா என்று சவுலைக் கொல்லவில்லை, சரி. ஆனால் சவுலின் சால்வையிலிருந்து அறுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, நீர் செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொன்னானே. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள்.

"சபைக்குள்ளே பேச வேண்டியதை முகநூலில் எழுதலாமா?" சபைக்குள்ளே பேசியவனைத்தான் வெளியே தள்ளினீர்கள்.

புதன்கிழமை வேதபாடம் நின்றுபோனதைக் கூட யாரும் கேட்கவில்லை. வசனம் திரையில் வருகிறது, ஒரு வசனம்தான் வருகிறது. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கையில் வேதாகமம் இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் படித்தார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் தங்கள் கண்ணாலேயே வாசிக்கத்தானே அத்தனை பாடும்? ஆச்சியின் கையில் அது வந்து சேர்ந்தது. இன்றைக்கு நம் பிள்ளை வாசித்தால் உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது? எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. இந்தச் சபையில்தான் நான் ஞானஸ்நானம் பெற்றேன்.

அவன் அம்மா காலையில் போன் பண்ணினார்கள். "இனி சர்ச்சுக்கே வரமாட்டேங்கறான்" என்று சொல்லி அழுதார்கள். நீக்கியவர்களிடம் அவன் நம்பர் இருக்கிறது. அடுத்த ஞாயிறுக்குள் அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பத்தாம் வசனத்துக்கு உங்களிடம் பதில் இருந்தால், அதையும் சொல்லுங்கள்.