பாம்பன் பாலம் வழியாகக் கொழும்புக்கு ரயிலா?

"புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று, சென்னையில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம், ஒரே டிக்கெட்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலம் நிலப்பரப்பிலுள்ள மண்டபம் என்ற ஊரையும் பாம்பன் தீவையும் மட்டுமே இணைக்கிறது. தண்டவாளம் ராமேஸ்வரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் தனுஷ்கோடிக்குக்கூட இன்று ரயில் இல்லை.

ரயிலும் கப்பலும் சேர்ந்த பழைய 'போட் மெயில்' சேவையின் நினைவுதான் இந்தச் செய்திக்கு வித்து என்று தோன்றுகிறது. 1914 முதல் ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனது உண்மை. ஆனால் அப்போதும் ரயில் கடலைக் கடக்கவில்லை. பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, இலங்கையின் தலைமன்னாரில் வேறு ரயில் பிடித்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. சென்னை எழும்பூர்–ராமேஸ்வரம் ரயிலை மக்கள் இன்றும் போட் மெயில் என்றே அழைப்பதால் குழப்பம் வருவது இயல்புதான். அதில் போட் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் சேருமிடமாகத் தலைமன்னாரையோ கொழும்பையோ தேடிப் பாருங்கள், கிடைக்காது. கடல் வழியாகப் போக விரும்புவோருக்காக, நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பாஸ்போர்ட் அவசியம், புறப்படும் நாளை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.