கொலை வேண்டாம், கொள்ளை மட்டும் போதும்

எங்கள் குடியிருப்பில் 16 வீடு, நாலிலிருந்து ஏழு வயதுக்குள் 11 உருப்படிகள். பள்ளிக்கூடம் மூடிய மூன்றாம் நாளே இந்தப் பதினொன்றும் படிக்கட்டில் ஏறி இறங்கிப் போட்ட கூச்சலில், சனிக்கிழமைதோறும் மொட்டை மாடியில் குட்டீஸ் கிளப் நடத்துவது என்று முடிவாயிற்று. திட்டம் போடும் வேலை என் தலையிலும் மூன்றாம் மாடி மாமா தலையிலும் விழுந்தது. மாமா வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர், சங்கச் செயலாளர், பால் கணக்கு எழுதினால்கூட கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி போடுவார். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம்.

மாமா: எழுதிக்கொள். 4 மணி, கடவுள் வாழ்த்து. 4.05, வரவேற்புரை. 4.15, சிறுசேமிப்பின் அவசியம் பற்றிச் சிறப்புரை, 40 நிமிடம்.

நான்: சிறப்புரை யார் மாமா?

மாமா: (வெட்கத்துடன்) எல்லாரும் வற்புறுத்தினால் நான்தான்.

நான்: யாரும் வற்புறுத்தவில்லையே. எதிர்வீட்டு நாலு வயசு அந்த 40 நிமிடத்தில் நாலு தடவை ஒண்ணுக்குப் போகும். ஒரு விளையாட்டுக்குப் பத்து நிமிடம்தான், அதைத் தாண்டினால் ஒருத்தன் முடி இன்னொருத்தன் கையில் இருக்கும். அப்புறம், மே மாதம் நாலு மணிக்கு இந்தத் தரை தோசைக்கல். செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பாருங்கள்.

மாமா: (வைத்துப் பார்த்து, எடுத்து) சரி, ஐந்தரை. ஆனால் மாடியில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதே, பார்க்கவில்லையா?

நான்: ஒட்டியதே நீங்கள்தானே!

மாமா: நான் இல்லை. செயலாளர்.

நான்: செயலாளர் நீங்கள்தானே மாமா!

மாமா: அதுதானம்மா சிக்கலே. மனுஷன் ரொம்பக் கறார். எழுத்து மூலம் கேட்டால் ஒருவேளை பரிசீலிப்பார்.

(அவருடைய டைரியிலேயே ஒரு தாளைக் கிழித்து, அவருடைய பேனாவிலேயே விண்ணப்பம் எழுதி, அவரிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு கமா சேர்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வேலை நாள் ஆகுமாம்.)

மாமா: அடுத்து, பட்ஜெட். கையிருப்பு 1,500 ரூபாய். அதில் 1,100 ஃப்ளெக்ஸ் பேனருக்கு.

நான்: எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் மொத்தம் மூணு பேர், யாருக்கு மாமா பேனர்?

மாமா: படிக்க வேண்டாம், போட்டோ இருக்கும்.

நான்: யார் போட்டோ?

(பதில் இல்லை. காகம் ஒன்று கத்தியது.)

நான்: காசே வேண்டாம். உங்கள் பரணில் பல்லாங்குழிப் பலகை இருக்கிறதென்று மாமி சொன்னார்களே.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) பித்தளையாக்கும், என் பாட்டி சீர். பதினாலு குழி, குழிக்கு ஐந்து வீதம் 70 முத்து. ஒரு குழியில் நாலு சேர்ந்ததோ, அது பசு, அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். கணக்கு தானாக வரும்! முத்துக்குக்கூடக் கவலை இல்லை, டப்பா நிறைய குன்றிமணி வைத்திருக்கிறேன். சிவப்பும் கறுப்புமாக, என்ன அழகு!

நான்: அய்யோ, அதை எடுக்கவே எடுக்காதீர்கள். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அத்தனை விஷம்.

மாமா: அப்படியானால் புளியங்கொட்டை.

நான்: அது வாய்க்குப் போகாது. மூக்குக்குப் போகும். போன வருடம் இரண்டாம் மாடிப் பையன் பட்டாணியை உள்ளே தள்ளிவிட்டு மூணு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாமா: எப்படி விடுவான், மூக்கில்தான் பட்டாணி இருக்கிறதே.

நான்: அதனால் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் பல்லாங்குழி, அதுவும் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து முத்தை எண்ணி வாங்க வேண்டும்.

மாமா: 34 வருடம் அதைத்தானே செய்தேன். சின்னதுகளுக்கு?

நான்: குலை குலையா முந்திரிக்கா. வட்டமாக உட்கார வைத்தால் முடிந்தது, ஒரு துண்டு போதும். ஒருத்தன் சுற்றி ஓடி யார் முதுகுக்குப் பின்னாலாவது துண்டைப் போட வேண்டும், அவன் எழுந்து துரத்த வேண்டும்.

மாமா: (பேனாவை மூடி) கொலையா? நாலு வயசுப் பிள்ளைக்கா? கூட்டக் குறிப்பில் நான் எப்படியம்மா இதை எழுதுவது?

நான்: கொலை இல்லை மாமா, குலை. வாழைக்குலை மாதிரி, முந்திரிக் குலை. ஓடுகிற அவசரத்தில் நாம்தான் கொலையாக்கி வைத்திருக்கிறோம்.

மாமா: பாட்டில் கொள்ளையடித்தவன் ஒருத்தன் வருவானே?

நான்: அவன் வருவான்.

மாமா: (எழுதிக்கொண்டே) கொலை, நீக்கப்பட்டது. கொள்ளை, ஏகமனதாக ஏற்கப்பட்டது. அடுத்து?

நான்: மஞ்சள் ஓவியம். வெள்ளைத் தாளில் மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரைத் தடவிக் காயவைக்க வேண்டும். துணி சோப்பைக் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக வரும். மேலே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள்.

மாமா: சுண்ணாம்பு போட்டால் இன்னும் பளிச்சென்று வருமே, ஆரத்தி கரைக்கிற மாதிரி.

நான்: வரும், ஆனால் சுண்ணாம்புக் கையால் கண்ணைக் கசக்கினால் அப்புறம் ஆஸ்பத்திரிதான். சோப்பு போதும். அது கண்ணில் பட்டால் எரியும், ஒரு அழுகை, ஒரு கழுவல், முடிந்தது.

மாமா: நில், நில். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவப்பாகுமா? எப்போதுமா?

நான்: எப்போதும்தான். ஏன்?

மாமா: போன தையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. மாமி சோப்புப் போட்டாள், கறை ரத்தச் சிவப்பு! யாரோடு சண்டை போட்டீர்கள் என்று ஒரு வாரம் குடைந்தாள். நானும் பதில் தெரியாமல், ஆட்டோக்காரனை இரண்டு தட்டுத் தட்டினேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

நான்: நம்பினார்களா?

மாமா: அதிலிருந்துதான் கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறாள். நீ இந்த ஓவியத்தை அவள் முன்னால் மட்டும் செய்துவிடாதே.

(பலூன் உடைக்கும் போட்டி என்று அவர் ஆரம்பித்தார். பிய்ந்த பலூன் துண்டு தொண்டையை அடைக்கும் என்றேன். எழுதிய வேகத்தில் அடித்துவிட்டார். காற்றில் பூவரச இலை ஒன்று பறந்து வந்து டைரிமேல் விழுந்தது.)

நான்: இதோ, கடைசி ஐட்டம். பீப்பீ செய்யச் சொல்லிக்கொடுக்கலாம்.

மாமா: நீ சொல்லிக்கொடுக்கிறாயா எனக்கு? கொடு இப்படி.

(காம்பைக் கிள்ளினார், ஓரத்திலிருந்து இறுக்கமில்லாமல் சுருட்டினார், மெல்லிய முனையைப் பல்லுக்கிடையில் வைத்து லேசாக நசுக்கினார். முதல் ஊதலில் எச்சில்தான் வந்தது. இரண்டாவதில், எருமைக் கன்று கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவதில் மாமாவுக்கு வயசு ஏழு. நான் ஐந்து நிமிடம் காதைப் பொத்திக்கொண்டிருந்த பிறகு அவருடைய போன் அடித்தது.)

மாமா: (போனில்) ஹலோ... ஆமாம், நானும் கேட்டேன். மொட்டை மாடியிலா? சேச்சே, அங்கே விளையாடக் கூடாதென்று அறிவிப்பே இருக்கிறதே. ஒன்று செய்யுங்கள், புகாரை எழுத்து மூலம் கொடுங்கள், செயலாளர் கையில் சேர்த்துவிடுகிறேன். மூன்று வேலை நாள் ஆகும்.

(வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.)

மாமா: கீழே போய் இன்னும் நாலு இலை பறித்துக்கொண்டு வா. இது கிழிந்துவிட்டது.