நிறையாத குழி

"எங்கட மலசலகூடக் குழி முப்பது வருசமா நிறையேல்லை. ஒருநாளும் கழிவு இழுக்கப் பவுசர் பிடிக்கேல்லை." இதைப் பெருமையாகச் சொல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. அப்பா சொல்லுவார், நானும் சொல்லியிருக்கிறேன். போன மார்கழியோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மழை நாளில் கொமட்டில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் திரும்பி மேலே வந்தது. அடைப்பெடுக்க ஒரு அண்ணை வந்தார். நாலு இஞ்சி பைப் திரும்பும் இடத்தில் மூட்டு விலகி, தென்னை வேர் தும்புக்கட்டு மாதிரி உள்ளே அடைந்திருந்தது. அந்தத் திருப்பத்தில் மூடி போட்டு ஒரு சின்னக் குழி கட்டியிருந்தால் கொஞ்ச நேர வேலை. இல்லாதபடியால் முற்றத்துச் சீமெந்தை உடைத்தோம். வேரை வெட்டி மூட்டை மாற்றிய பிறகும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. அண்ணை குழி மூடியைத் திறந்து கயிறு விட்டுப் பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் அதே கயிற்றை அங்கேயும் விட்டார்.

"தம்பி, ரண்டும் ஒரே மட்டம்."

எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

எங்கள் குழிக்கு அடியே கிடையாது. சுற்றிச் சுவர் கட்டி, கீழே கல்லை உடைத்து விட்டிருக்கிறார்கள். "கல்லு உடைச்சு விட்டால் நிறையாது" என்று அந்தக் காலத்து மேசன் சொன்னாராம். நிறையாமல் எங்கே போகும் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் காலுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவது அந்தக் கல்லால்தான். மாரி மழையைக் கோடைக்குச் சேர்த்து வைப்பதும் அதுதான். வருசம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத ஊருக்கு வேறென்ன இருக்கிறது? நல்ல தண்ணீருக்கு வழிவிடுகிற வெடிப்பு கழிவை மட்டும் மறிக்காது.

கிணற்றில் இருந்து 50 அடி தள்ளிக் குழி வெட்டு என்று வீடு கட்டும்போது சொல்லுவார்கள். மண்ணென்றால் அந்தத் தூரத்துக்குள் வடிகட்டும். வெடித்த கல்லுக்குள் அடிக்கணக்கை நம்பேலாது. அதிலும் நாங்கள் சீதனம், பங்கு என்று காணியைப் பிரித்துப் பிரித்து, இரண்டு பரப்புக் காணித் துண்டுக்குள் வீடும் கிணறும் குழியும் வைத்திருக்கிறோம். அளப்பதும் எங்கள் வளவுக்குள் மட்டும்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழியை யார் அளந்தார்?

"கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" என்றா அம்மா. கிருமிக்கு அது சரி. கழிவில் இருந்து தண்ணீரில் கரைகிற நைத்திரேற்று உப்புக்குச் சரிவராது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று பானைக்குள்ளேயே நிற்கும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க ஏலாமல் உடம்பு நீலம் பாயும். தோட்டத்துக்குப் போடும் உரத்தை எல்லோரும் குற்றம் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் குழிகளுக்கும் இதில் பங்குண்டு, அதை வாய்திறந்து சொல்ல எங்களுக்குக் கூச்சம்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தார்கள். நல்ல விசயம். ஆனால் யாழ்ப்பாண நகருக்கு வீட்டுக் கழிவைக் கொண்டுபோகிற குழாய்த் தொகுதி இன்னும் இல்லை. குழாயில் வருகிற தண்ணீரும் பாவித்து முடிய அதே கல்லுக்குள்தான் இறங்கப் போகிறது.

அதுவரைக்கும் வீட்டுக்காரர் நாங்கள்தான் செய்யவேண்டும். அடியும் சுவரும் சீமெந்து பூசிய, தண்ணீர் கசியாத, இரண்டு அறைத் தாங்கி. மூன்று, நாலு வருசத்துக்கு ஒருக்கால் பவுசர். தாங்கியால் வழிகிற நீரை ஆழத்துக்கு இறக்காமல் மேல்மண்ணோடு, வாழைப் பக்கமாய் விடுவது. இது நைத்திரேற்றை முழுக்க நிறுத்தாது, குறைக்கும். பவுசர்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்றும் கேளுங்கள். தயவுசெய்து, காசு மிச்சம் பிடிக்க ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்காதீர்கள். குழிக்குள் நிற்கிற வாயு ஒன்றிரண்டு மூச்சில் ஆளை விழுத்தும்.

சித்திரையில் தண்ணீர் கீழே போனதும் எங்கள் வளவில் புதுத் தாங்கி வெட்டுகிறோம். நேற்று மதிலால் எட்டிப் பக்கத்து வீட்டு மாமிக்கு இதெல்லாம் சொன்னேன். கோபிப்பா என்று பயந்தேன். கொஞ்ச நேரம் எங்கள் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றா.

"டேப்பைக் கொண்டு வா தம்பி, எங்கட குழியையும் அளந்து பாப்பம்."